கோச்சாக இருப்பவர் மனப்பகுதிப் பயிற்சி எடுக்கலாமா? சேலத்திலிருந்து ஒரு விவாதம்

அஸ்தம்பட்டி கோச்:
வணக்கம். சேலத்தில் குடும்பத் தொழில் நடத்துபவர்களுக்குக் கோச்சாக இருக்கிறேன். கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, ஜவுளிக் கடை என்று பல தரப்பட்டவர்கள் வருகிறார்கள். போன வருடம் ஐ.எஃப்.எஸ். பயிற்சியை ஆன்லைனில் முடித்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுப்பெயர் இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ். அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980களில் உருவாக்கியது. ஒருவர் மனதுக்குள் பல பகுதிகள் ஒரு குடும்பம் போல இருக்கின்றன என்பது அடிப்படை. எதுவும் கைமீறிப் போகாமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் பகுதியை 'மேலாளர்' என்கிறார். வலி வெளியே வந்துவிட்டால், குடித்தோ கத்தியோ எப்படியாவது அதை அடக்கப் பார்ப்பது 'தீயணைப்பாளர்'. இந்த இருவரும் சேர்ந்து ஒதுக்கி வைத்திருப்பது பழைய காயம்பட்ட பகுதிகளை. எல்லோரிடமும் நிதானமும் அக்கறையும் உள்ள 'தான்' ஒன்று இருக்கிறது, அது முன்னால் வந்தால் மற்றவை தளரும் என்பது அவருடைய நம்பிக்கை.

கோச்சுகள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. கிளையன்டுக்குச் செய்வது அப்புறம். முதலில் நமக்காகப் படிக்க வேண்டும்.

பயிற்சியில் மூன்று மூன்று பேராகப் பிரிப்பார்கள். ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார், ஒருவர் கவனிப்பார். கேட்பவராக நான் இருந்தபோது, பேசியவரின் குரல் லேசாக உடைந்தது. கவனித்தவர் நிறுத்தி, "நீங்கள் இப்போது திரைப் பக்கம் சாய்ந்தீர்கள். சாய்ந்தது உங்களுக்குள் யார்?" என்று கேட்டார். எனக்கு உடனே தெரிந்தது. வீட்டில் மூத்த பெண்ணாக வளர்ந்து, யார் முகம் வாடினாலும் ஓடிப்போய்ச் சரிசெய்கிறவள்தான் சாய்ந்தாள். அவளை அடையாளம் தெரிந்த பிறகு நான் கேட்கும் கேள்விகளே மாறிவிட்டன. கிளையன்ட் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் இப்போது இருக்க விடுகிறேன்.

ஐந்து ரோடு:
அக்கா, மரியாதையோடு மறுக்கிறேன். நானும் இதே ஊரில் இதே தொழில்தான். நம்மிடம் வருகிறவர்கள் வியாபாரம் நகர வேண்டும், வீட்டில் சண்டை வராமல் நகர வேண்டும் என்று வருகிறார்கள். இலக்கு, தேதி, யார் பொறுப்பு, போன வாரம் சொன்னது என்ன ஆச்சு? இந்தக் கேள்விகள் எதுவும் பழசாகிவிடவில்லை. ஜி.எஸ்.டி. கட்டத் தேதி நெருங்கும்போது, கட்டவிடாமல் தடுக்கும் பகுதி உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார், போகவும் வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். பெரிய தொகை கட்டி ஒரு முறையைப் படித்தவருக்கு எதைப் பார்த்தாலும் அதுவே தெரியும். இந்தப் பயிற்சிக்கு மட்டுமில்லை, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஓமலூர் சைக்காலஜிஸ்ட்:
நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்.சி.ஐ.யில் (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு செய்தவன். இந்த முறை எனக்கும் பிடிக்கும். அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

எங்களுக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவேடு உண்டு. நடத்தை தவறினால் பெயரை எடுத்துவிட முடியும். கோச்சுக்கு நம் நாட்டில் அப்படி ஒரு பதிவேடே கிடையாது. இன்று காலை போர்டு எழுதி மாலையில் மாட்டலாம். ஏற்காட்டில் விடுதி எடுத்து சனி ஞாயிறு வகுப்பு, ஞாயிறு சாயங்காலம் சான்றிதழ் என்று நடக்கிறது. அப்படிச் சான்றிதழ் வாங்கிய ஒருவரிடம் போன பெண்மணி பிறகு என்னிடம் வந்தார். கண்ணை மூடச் சொல்லி, குழந்தைப் பருவத்து நாள் ஒன்றுக்குள் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர் அழ ஆரம்பித்தபோது நேரம் முடிந்துவிட்டது. "அடுத்த வாரம் தொடரலாம்" என்று பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

நம் பக்கத்து விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஆடி மாதம் சாமி வந்து ஆடுகிறவர்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர். "எனக்குள் வேறொருத்தி பேசுகிறாள்" என்று ஒருவர் சொன்னால் அது பக்தியாக இருக்கலாம், வெறும் பேச்சு வழக்காக இருக்கலாம், மனச்சிதைவின் தொடக்கமாகவும் இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்கத்தான் நாங்கள் படிக்கும் காலத்தில் வார்டிலேயே நிற்கிறோம். அந்தப் பழக்கம் இல்லாதவர் "அவளிடமே கேளுங்கள்" என்று சொல்லிவிட்டால், சிகிச்சைக்கு வர வேண்டியவர் மாதக்கணக்கில் தள்ளிப்போவார்.

அஸ்தம்பட்டி கோச்:
சார், விடுதி வகுப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்து, கோச்சுக்கு இந்தப் படிப்பே ஆகாது என்று முடிவு கட்டுவதை ஏற்க முடியவில்லை. நான் எப்படிச் செய்கிறேன் என்று ஒன்றைச் சொல்கிறேன், விவரங்களை மாற்றித்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் இரண்டாம் தலைமுறைக் கொலுசுப் பட்டறை. வெளியூர்க் கடைகளில் பாக்கி நிற்கிறது. வெள்ளி விலை ஏறும்போது, நிற்கிற பாக்கியே பட்டறையை மூட வைத்துவிடும். இவரோ போனை எடுப்பார், கடைக்காரர் பெயர் வரை வருவார், திருப்பி மேசைமேல் கவிழ்த்துவிடுவார். என் எதிரிலேயே நடந்தது. ஐந்து ரோடு அண்ணன் முறையில் "வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பேருக்குப் பேசுங்கள்" என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லிப் பார்த்தாயிற்று. அவர் அதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவர்தான்.

"போனைக் கவிழ்த்த பகுதி உங்களுக்கு என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறது?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவை வாசலில் நிற்க வைத்துப் பேசினார்கள். அந்த மாதிரி இன்னொருத்தரை நான் நிற்க வைக்க மாட்டேன்" என்றார். அந்த வாசலுக்குள் நான் போகவில்லை. அப்போது என்ன வயது, யார் பேசியது, ஒன்றும் கேட்கவில்லை. "யாரையும் அப்படி நிற்க வைக்காமல் பாக்கியைக் கேட்க வழி இருக்கிறதா?" என்றேன். முதலில் கணக்குச் சீட்டை அனுப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தொகையைச் சொல்லாமல் தேதியை மட்டும் கேட்டுப் பேசுகிறேன் என்றார். அவரே கண்டுபிடித்த வழி.

வலியைத் திறப்பது சிகிச்சை. அதைக் காத்து நிற்கிற மேலாளரிடம் மரியாதையாகப் பேசுவது கோச்சுக்கும் ஆகிற வேலைதான்.

சேர்வராயன் காபி:
நான் கோச் இல்லை, டாக்டரும் இல்லை. கிளையன்டாக இருந்தவன், அதனால் எழுதுகிறேன். ஏற்காட்டில் எங்களுக்குச் சின்ன எஸ்டேட். காபி, ஊடே மிளகு. போன அறுவடையின்போது இந்தப் பயிற்சி எடுத்த ஒரு கோச்சிடம் போனேன் (இங்கே எழுதுகிற அம்மா இல்லை).

பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை. வேலைக்கு வந்து கொண்டிருந்தவர்களின் பிள்ளைகள் படித்துவிட்டு கீழே சேலத்துக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். அது நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காபிப் பழம் பழுத்தால் காத்திருக்காது, உதிர்ந்துவிடும். கோச்சிடம் இதைச் சொன்னால், "ஆள் வரவில்லை என்றதும் உங்களுக்குள் பதறுவது யார்?" என்று கேட்டார். முதல் தடவை நன்றாகத்தான் இருந்தது. என் அப்பாவின் அவசரம் எனக்குள் இருப்பது தெரிந்தது. மூன்றாவது தடவையும் அதே கேள்வி. என் பதற்றம் தணிந்தது உண்மை. பழம் மண்ணில் கிடந்ததும் உண்மை. பக்கத்து எஸ்டேட்டோடு சேர்ந்து ஆட்களை மாற்றிக்கொள்ளலாமா, கூலியை எப்படிக் கூட்டுவது என்று பேச வேண்டிய நேரத்தை என் மனதுக்குள் சுற்றிக் கழித்தோம். வெளியே இருக்கிற பிரச்சினையை ஆளுக்குள் தள்ளிவிடுகிறது இந்த முறை. எனக்கு இதுதான் பெரிய குறை.

ஐந்து ரோடு:
இதைத்தான் நானும் சொன்னேன். அக்கா, ஒரு நேரடிக் கேள்வி. இதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறதா?

ஓமலூர் சைக்காலஜிஸ்ட்:
அதற்கு நான் பதில் சொல்கிறேன். அதிகம் மேற்கோள் காட்டுவது 2013இல் வெளியான ஒரு ஆய்வு. முடக்குவாத நோயாளிகள் 79 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 9 மாதம் இந்தச் சிகிச்சை, மற்றதற்கு நோய் பற்றிய பாடம். சிகிச்சை பெற்றவர்கள் மூட்டு வலி குறைந்ததாகச் சொன்னார்கள், மனச்சோர்வும் குறைந்தது. இதை வைத்து 2015இல், ஆய்வு ஆதாரம் உள்ள சிகிச்சைகள் என்று அமெரிக்க அரசு வைத்திருந்த ஒரு பட்டியலில் இடம் கிடைத்தது. அந்தப் பட்டியலே 2018இல் நிறுத்தப்பட்டுவிட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் சின்ன ஆய்வு, நோயாளிகளிடம் சிகிச்சையாகச் செய்தது. இதைக் காட்டிக் கோச்சிங்குக்கு ஆதாரம் என்று யாரும் சொல்லக் கூடாது.

அம்மா, ஷ்வார்ட்ஸ் தாமே சொல்லும் ஒரு சம்பவம் உங்கள் வகுப்பிலும் வந்திருக்கும். தன்னைக் காயப்படுத்திக்கொண்ட ஒரு பெண்ணிடம், அப்படிச் செய்யத் தூண்டும் பகுதியை விடாமல் வற்புறுத்தி, இனி செய்ய மாட்டேன் என்று சொல்ல வைத்தார். அடுத்த முறை அந்தப் பெண் முகத்தில் காயத்தோடு வந்தார். இத்தனைக்கும் ஷ்வார்ட்ஸ் முறையாகப் படித்த சிகிச்சையாளர். அவருக்கே அப்படி என்றால், மற்றவர்களுக்கு?

அஸ்தம்பட்டி கோச்:
வகுப்பில் வந்தது சார். அதற்குப் பிறகு நடந்ததும் வந்தது. "உன்னிடம் தோற்றுவிட்டேன்" என்று ஷ்வார்ட்ஸ் வற்புறுத்தலை விட்டார். அதற்குப் பிறகுதான் அந்தப் பகுதி தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தது. அந்தச் சம்பவத்தில் ஆபத்தாக இருந்தது அவருடைய பிடிவாதம். கோச்சிங்கில் அந்தப் பிடிவாதத்தை நாம் தினமும் நல்ல குணம் என்று பாராட்டுகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து போன் என்பதும் அதுதான். அதனால்தான் கோச்சுக்கு இந்தப் படிப்பு வேண்டும் என்கிறேன்.

காபி அண்ணா சொன்னதற்கு நான் மறுப்பு சொல்லப் போவதில்லை. ஆள் பற்றாக்குறைக்கு ஆள்தான் பதில். பதறுகிறவரைத் தெரிந்துகொண்டதும் அடுத்த நிமிடமே கூலிக் கணக்கை எடுத்திருக்க வேண்டும்.

கன்னங்குறிச்சி:
நானும் இந்தப் பயிற்சியின் முதல் நிலையை முடித்தேன். யாரும் இதுவரை பேசாத ஒன்று. வீட்டில் என்ன ஆகிறது? பிள்ளையை அதட்டிவிட்டு, "அதட்டினது என் மேலாளர் பகுதி" என்று என் கணவரிடம் சொன்னேன். "பையனிடம் யார் மன்னிப்புக் கேட்பது, உன் மேலாளரா?" என்று கேட்டார். பயிற்சி எடுத்தவர்களோடு பேசும்போதும் இதைப் பார்க்கிறேன். "என் ஒரு பகுதிக்கு உங்கள் மேல் கோபம்" என்கிறார்கள். நேராகக் கோபம் என்று சொன்னால் பதில் சொல்லலாம், சண்டையாவது போடலாம். இப்படிச் சொன்னால் பிடிக்க ஆளே இல்லை.

அஸ்தம்பட்டி கோச்:
உங்கள் கணவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். எந்தப் பகுதி பேசினாலும் பொறுப்பு ஆளுக்குத்தான். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் பகுதியின் *சார்பாகப்* பேசு, பகுதியாகவே மாறிப் பேசாதே என்றுதான் சொன்னார். சார்பாகப் பேசுகிறவர் மன்னிப்பும் கேட்டாக வேண்டும்.

ஓமலூர் சைக்காலஜிஸ்ட்:
சரி. நீங்கள் எல்லை வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். கிளையன்ட் கையெழுத்துப் போடும் தாளில் அது எப்படி இருக்கிறது?

அஸ்தம்பட்டி கோச்:
அப்படியே தருகிறேன். "இது சிகிச்சை இல்லை. சிறுவயதுச் சம்பவங்களுக்குள் உங்களை நான் அழைத்துப் போக மாட்டேன். நீங்களாகப் போனால் நிறுத்தி, இன்றைய விஷயத்துக்குத் திரும்பக் கேட்பேன். தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் குலைந்திருந்தாலோ, உயிரை விடத் தோன்றினாலோ கோச்சிங்கை நிறுத்தி மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். அவசரத்துக்கு 14416 டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்), கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்."

ஓமலூர் சைக்காலஜிஸ்ட்:
"மூன்றும்" என்பதை எடுங்கள். மூன்றும் குலையும்வரை காத்திருக்கக் கூடாது. ஏதாவது ஒன்று இரண்டு வாரம் குலைந்தாலே அனுப்பிவிடுங்கள். அப்புறம், நீங்கள் எல்லைக்குள் நிற்கிறீர்களா என்று பார்ப்பது யார்? மூத்த பெண் முன்னால் சாய்வதைச் சொல்ல வகுப்பில் ஒருவர் இருந்தார். உங்கள் அறையில் யார் இருக்கிறார்கள்?

அஸ்தம்பட்டி கோச்:
"ஏதாவது ஒன்று" என்று மாற்றிவிட்டேன். அறையில் யாரும் இல்லை சார். மாதம் ஒருமுறை மேற்பார்வைக்கு உங்களிடம் வரலாமா? கட்டணத்தைச் சொல்லுங்கள்.

ஓமலூர் சைக்காலஜிஸ்ட்:
வரலாம். வருவதற்கு முன்னால், அவர்களைப் பற்றி என்னிடம் பேசுவதற்கு ஒவ்வொரு கிளையன்டிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அதோடு, பட்டறைக்காரர் கதை மாதிரி இனி இங்கே போட வேண்டாம், விவரம் மாற்றினாலும். செவ்வாய்ப்பேட்டையில் யாருக்கு எந்த ஊரில் பாக்கி நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.