போட்டோவில் தூசி, கறைப் புள்ளி நீக்கப் போய் எதையாவது தொலைத்த அனுபவம் உண்டா?

கடைவீதி:
பெரியப்பாவின் மளிகைக் கடைக்கு வெப்சைட் போட்டேன். 1971இல் எடுத்த கருப்பு வெள்ளைப் படம், முழுக்கப் பூஞ்சைப் புள்ளி. ஸ்கேன் செய்து, போட்டோஷாப்பில் புள்ளியையும் கீறலையும் தானாக அழிக்கும் டஸ்ட் அண்ட் ஸ்கிராட்சஸ் ஃபில்டரை ரேடியஸ் 5 வைத்துப் படம் முழுக்கப் போட்டேன். பளிச்சென்று ஆனது, ஏற்றிவிட்டேன். பெரியப்பா செல்போனை மூக்குக்கிட்ட வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "போர்டுல புள்ளியெல்லாம் எங்கப்பா?" என்றார். 'ஸ்டோர்ஸ்' என்பது 'ஸடோரஸ' ஆகியிருந்தது. அந்த போர்டை எழுதியவரே அவர்தான். எட்டணா நாணயத்தை வைத்து வட்டம் போட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் பெயின்ட் அடித்தாராம். ஃபில்டருக்குச் சின்னப் பொட்டு எல்லாமே அழுக்குதான். பார்க்க வேண்டியவன் நான்.

திருவிழாப் படம்:
ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொன்றாகக் கையால் எடுத்த எனக்கும் இதே கதி. எங்கள் ஊர்க் கும்பாபிஷேகம், லென்ஸ் துளையை எஃப்/16க்குச் சின்னதாக்கி எடுத்த படம், வானத்தில் 15 இடத்தில் கேமரா சென்சாரில் ஒட்டிய தூசி. அக்கம்பக்கத்து நிறத்தை வைத்துப் பூசி மறைக்கும் ஹீலிங் பிரஷ்ஷால் துடைத்துக் கோயிலின் இணையப் பக்கத்தில் போட்டேன். மறுநாள் குருக்கள், "கருடன் வட்டமிட்டதே, நீங்க எடுக்கலையா?" என்று கேட்டார். மூலப் படத்தைப் பெரிதாக்கினால், கலசத்துக்கு மேலே சிறகை விரித்தபடி இருக்கிறது. தூசி என்றால் அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருக்கும், ஓரம் மங்கியிருக்கும். ஒப்பிட்டே பார்க்கவில்லை.

நெகட்டிவ் பெட்டி:
ஃபில்டரைக் குறை சொல்லத்தான் வேண்டும். கையால் எடுத்தால் போவது ஒன்றிரண்டு. ஃபில்டரில் எத்தனை போனது என்றே தெரியாது. என் கதை சின்னது. அக்கா மகளின் பிறந்தநாள் படத்தில் கேமரா போட்ட ஆரஞ்சுத் தேதி அவள் கால்மேல் விழுந்திருந்தது. அழித்த இடத்தைச் சுற்றியிருப்பதைப் பார்த்துத் தானே நிரப்பும் கன்டென்ட் அவேர் ஃபில் கொடுத்தேன், பாதத்தில் ஆறாவது விரல். அக்காதான் கண்டுபிடித்தாள்.
அப்புறம் ஒன்று சொல்கிறேன். ஸ்கேன் செய்யும் முன்பே ப்ளோயரால் (கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் பம்ப்) தூசியை ஊதுங்கள். வாயால் ஊதவே ஊதாதீர்கள், எச்சில் பட்டால் அதுவும் கறை. கலர் நெகட்டிவுக்கு இன்ஃப்ராரெட் ஒளியால் தூசியை அடையாளம் கண்டு நீக்கும் ஸ்கேனர் வசதி நன்றாக உதவும். சாதாரணக் கருப்பு வெள்ளை நெகட்டிவில் படத்தை உருவாக்கும் வெள்ளித் துகளே இன்ஃப்ராரெட்டை மறைக்கும், போட்டால் படம் கெடும். திருத்தத்தை மூலப் படத்தின் மேல் தனி லேயரில் (அடுக்கில்) செய்யுங்கள். மூலத்தைத் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள், ஜேபெக்கைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். வெப்சைட்டுக்கு 1600 பிக்சல் அகலம் போதும். முதலில் அந்த அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், பாதிப் புள்ளி கண்ணுக்கே படாது. அதையெல்லாம் ஏன் தொட வேண்டும்?

கடைவீதி:
எங்களிடம் நெகட்டிவ் இல்லைங்க, அந்த ஒரே பிரின்ட்தான். மறுபடி ஸ்கேன் செய்து, போர்டைத் தொடாமல் சுவரையும் வாசலையும் மட்டும் சுத்தம் செய்தேன். பெரியப்பா விரல் வைத்து எண்ணினார். ஏழு புள்ளி போட்டேன், ஆறுதான் இருக்கிறது என்கிறார். பிரின்ட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தோம். ஏழாவது இருக்க வேண்டிய இடத்தில் பூஞ்சை.