ஸ்டீவ் ஸ்பரியர்: வாஷிங்டனில் கழித்த இரண்டு வருடத்தை எந்தக் கணக்கில் வைப்பது?

நாலாவது டவுன்:
பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அளவில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உச்சம் தொட்டவர் யார் என்று பேச்சு வந்தாலே ஸ்பரியர் பெயரைத்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2002இல் வாஷிங்டன் தொழில்முறை அணிக்குப் போனார். இரண்டு சீசனில் 12 வெற்றி, 20 தோல்வி. விலகிவிட்டார். 2015இல் தென் கரோலினா கல்லூரி அணியில் ஆறு ஆட்டத்தில் நாலு தோற்றதும் சீசன் நடுவிலேயே கிளம்பினார். கஷ்டம் வந்தால் நிற்காதவரை முதல் வரிசையில் வைக்க முடியாது.

சதுப்புநிலம்:
நிற்காதவரா? 1966இல் அவர் ஆடிய ஃபுளோரிடா கல்லூரிக்கும் ஆபர்ன் கல்லூரிக்கும் நடந்த ஆட்டம் 27-27 என்று சமமாக இருந்தது. பாக்கி இரண்டு நிமிடம் சொச்சம். 40 யார்டிலிருந்து ஃபீல்ட் கோல் அடிக்க வேண்டும், அதாவது பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பி மூன்று புள்ளி எடுக்க வேண்டும். வழக்கமாக உதைப்பவருக்கு அது எட்டாத தூரம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கான ஸ்பரியர் தானே முன்வந்து உதைத்தார். 30-27. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை அந்த வருடம் அவருக்குத்தான். பத்து வருடம் கழித்து, 1976இல், 14 ஆட்டத்திலும் தோற்ற டாம்பா பே தொழில்முறை அணியின் குவாட்டர்பேக்கும் அவரே. அடி வாங்கத் தெரியாதவர் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நாலாவது டவுன்:
ஆட்டக்காரராக அவரை நான் குறைத்துப் பேசவே இல்லை. பயிற்சியாளரைப் பற்றித்தான் கேட்கிறேன். அவர் பயிற்சி கொடுத்த ஃபுளோரிடாவில் எந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் வேகமாக ஓடும் பையன்கள் கிடைப்பார்கள். அங்கே ஜெயிப்பது அவ்வளவு பெரிய காரியமா?

சதுப்புநிலம்:
அந்தப் பையன்கள் அவருக்கு முன்பும் அங்கேதான் இருந்தார்கள். அப்படியிருந்தும் 1991 வரை ஃபுளோரிடாவின் கணக்கில், அவர்கள் ஆடும் கல்லூரி லீக்கான எஸ்இசியில், நிலைத்து நிற்கும் பட்டம் ஒன்றுகூட இல்லை. 1984இல் வாங்கிய பட்டமும் பிறகு பறிக்கப்பட்டது. இவர் வந்து ஆறு பட்டம் வாங்கினார். சரி, ஃபுளோரிடாவை விடுங்கள். படிப்புக்குப் பெயர்போன டியூக் கல்லூரியில் 1989இல் அவர்களுடைய லீக்கான ஏசிசியின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டாரே, அதற்கு என்ன சொல்வீர்கள்? 1962க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் பட்டம்.

பழைய ரசிகன்:
இடையில் நானும் ஒன்று சொல்கிறேன். அவரைப் புரிந்துகொள்ள ஜார்ஜியா கல்லூரி அணியைப் பார்க்க வேண்டும். 1966இல் ஜார்ஜியா அவருடைய அணியை 27-10 என்று தோற்கடித்தது. அன்று அவர் பந்து மூன்று தடவை எதிரி கைக்குப் போனது. பட்டமும் போனது. பயிற்சியாளராக ஃபுளோரிடாவுக்குத் திரும்பிய பிறகு 12 வருடத்தில் ஜார்ஜியாவிடம் தோற்றது ஒரே ஒரு முறை. 1995இல் அவர்கள் ஊரிலேயே 52-17. ஜெயித்தது உறுதியான பிறகும், கடைசி நிமிடங்களில்கூட பாஸ் எறிய வைத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இருபத்தொரு வயதில் பட்ட காயம் அந்த மனிதரை எவ்வளவு தூரம் ஓட வைத்தது என்பது அதில் தெரிகிறது.

நாலாவது டவுன்:
அதையேதான் அண்ணா நானும் சொல்கிறேன். அந்த வேகம் கல்லூரி மைதானத்துக்கு மட்டும்தான் எடுபட்டது. வாஷிங்டனுக்கு வூர்ஃபெல், ஷேன் மாத்யூஸ் என்று ஃபுளோரிடாவில் தன்னிடம் ஆடியவர்களையே குவாட்டர்பேக்காக அழைத்துப் போனார். அங்கே பாய்ந்து வரும் தற்காப்புக்காரர்களை முதலில் தடுத்து நிறுத்தியாக வேண்டும். இவர் மனம் முழுக்கப் பந்தை எங்கே எறிவது என்பதிலேயே இருந்தது.

பழைய ரசிகன்:
அவருக்குத் தடுக்கத் தெரியாது என்றில்லை தம்பி. 1996 நவம்பரில் அதே மாநிலத்தின் இன்னொரு கல்லூரியான ஃபுளோரிடா ஸ்டேட், வூர்ஃபெலை அடித்து நொறுக்கி 24-21 என்று ஜெயித்தது. ஐந்து வாரத்தில், சீசன் கடைசியில் நடக்கும் சுகர் பவுல் ஆட்டத்தில் மறுபடி அதே அணி. இந்த முறை வூர்ஃபெலைப் பல யார்டு பின்னால் நிறுத்தி, பந்தை அங்கே எறிந்து கொடுக்க வைத்தார். ஒரு பார்வை பார்த்து எறிய அவகாசம் கிடைத்தது. 52-20, தேசியப் பட்டம். தன் முறையை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்தான். வாஷிங்டனில் அதைச் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சதுப்புநிலம்:
வாஷிங்டன் தோல்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு தென் கரோலினா போய் 2011, 2012, 2013 என்று மூன்று வருடம் தொடர்ந்து 11 வெற்றி. அதற்கு முன் அந்தக் கல்லூரி ஒரு தடவைகூட 11 தொட்டதில்லை. இரண்டு கல்லூரிகளின் வரலாற்றிலும் அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் அவர்தான்: ஃபுளோரிடாவில் 122, தென் கரோலினாவில் 86.

நாலாவது டவுன்:
டியூக்கையும் தென் கரோலினாவையும் நான் சரியாக எடை போடவில்லை, அது என் தவறு. 2015ஐ மட்டும் விட மாட்டேன். அவரை நம்பி அந்தக் கல்லூரிக்கு வந்த பையன்களுக்கு இன்னும் ஆறு ஆட்டம் பாக்கி இருந்தது.