ஒதுக்குத்தடத்தில் நிற்கும் எஞ்சினுக்கு மின்சாரம்: 'மடைத்தடம்' என்ற சொல்லை முன்வைத்து

அன்புள்ள குழுவினருக்கு,

மாதிரி இரயில் அமைப்புகளுக்கான நம் சொற்பட்டியலில் இன்னும் முடிவாகாமல் இருப்பவற்றுள் ஒன்று, ஒதுக்குத்தடத்தில் நிறுத்திவைத்த எஞ்சினுக்கு வேண்டும்போது மின்சாரத்தை விடவும் வேண்டாதபோது நிறுத்தவும் தோதாகப் பிரித்தமைத்த தடத்தின் பெயர். துண்டிப்புத் தடம், மின்னற்ற தடம், தனிமைப்படுத்திய தடம், உறங்குதடம் என்று நான்கு முன்மொழிவுகள் வந்துள்ளன. நான்கையும் ஒரே காரணத்தால் ஏற்கத் தயங்குகிறேன். அவை அத்தடத்தின் ஒரு நிலையை, அதாவது மின்சாரம் நின்றுபோன நிலையை, மட்டுமே பெயராக்குகின்றன. அமைப்பை இயக்குபவருக்கு அத்தடத்தில் வேலை என்பது திறப்பதும் அடைப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்தது. ஆகவே அந்தத் திறப்பை 'மின்மடை' என்றும், அதற்குக் கட்டுப்பட்ட தடத்தை 'மடைத்தடம்' என்றும் அழைக்கலாம் என்று முன்வைக்கிறேன். குழுவில் வந்த கருத்துகளை இடையிடையே மேற்கோளாகத் தந்து மறுமொழி சொல்கிறேன்.

தேவை எங்கே எழுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இரு தண்டவாள நேர்மின் (டிசி) முறையில் கண்ட்ரோலர் தண்டவாளங்களுக்கு அதிகபட்சம் 12 வோல்ட் வரை அனுப்புகிறது. வோல்ட் கூடினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் திசை மாறும். எஞ்சின் முகம் நோக்கும் திசைக்கு வலப்பக்கத்தில் உள்ள தண்டவாளம் நேர்முனையானால் எஞ்சின் முன்னோக்கிச் செல்லும் என்பது அமெரிக்கத் தேசிய மாதிரி இரயில் சங்கத்தின் தர வரையறை. இம்முறையில் கட்டளையைப் பெறுவது தண்டவாளமே. எந்த எஞ்சின் ஓட வேண்டும் என்று சொல்ல அதற்கு வழியில்லை. ஆகவே ஒரே மின்தொடர்பில் மூன்று எஞ்சின்கள் நின்றால், குமிழைத் திருகியதும் மூன்றும் ஒருசேரப் புறப்பட்டுவிடும். ஒன்றை மட்டும் ஓட்ட விரும்பினால், மற்ற இரண்டும் நிற்கும் தடங்களுக்கு மின்சாரம் சேராதபடி செய்தாக வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. தண்டவாளங்களில் ஒன்றை வெட்டி, அவ்வெட்டின் இருபுறத்தையும் ஒரு ஸ்விட்ச் வழியாக இணைப்பது முதல் வழி. வெட்டிய இடைவெளியை வெறுமனே விடக்கூடாது. வெப்பத்தில் தண்டவாளம் நீண்டு நகர்ந்தால் இரு முனைகளும் மீண்டும் தொட்டுக்கொள்ளும். ஆகவே பிளாஸ்டிக் இணைப்பையோ ஒட்டிய பிளாஸ்டிக் சில்லையோ அங்கே வைக்க வேண்டும். தடமாற்றியையே ஸ்விட்சாகப் பயன்படுத்துவது இரண்டாவது வழி. தடமாற்றியின் நாக்கு, அதாவது அதில் நகரும் தண்டவாளத் துண்டு, எந்தத் தண்டவாளத்தோடு ஒட்டி நிற்கிறதோ அதிலிருந்து மின்சாரத்தை வாங்கி, வழி திறந்திருக்கும் தடத்துக்கு மட்டும் அது கடத்தும். எஞ்சினை ஒதுக்குத்தடத்தில் விட்டுத் தடமாற்றியை முதன்மைத் தடத்துக்குத் திருப்பினாலே அந்த எஞ்சின் அசையாமல் நின்றுவிடும். தனி ஸ்விட்ச் தேவையில்லை.

> 'மின்னற்ற தடம்' எளிய சொல். படித்ததும் பொருள் விளங்குகிறது.

விளங்குகிறது என்பதை ஏற்கிறேன். விளங்கும் பொருள் சரியானதா என்பதில்தான் சிக்கல். தண்டவாளங்கள் குறுக்கிடும் கூர்முனை உலோகமாக உள்ள தடமாற்றியை எடுத்துக்கொள்வோம். அதை முதன்மைத் தடத்துக்குத் திருப்பியதும் ஒதுக்குத்தடத்தின் இரு தண்டவாளங்களும் ஒரே முனையோடு இணைந்துவிடுகின்றன. இரண்டிலும் மின்னழுத்தம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு மட்டும் இல்லை. கண்ட்ரோலரை முழுமையாகத் திருகிவிட்டு, மல்டிமீட்டரை ஒதுக்குத்தடத்தின் இரு தண்டவாளங்களிலும் வைத்தால் 0 காட்டும். ஒரு கம்பியை மட்டும் எடுத்து முதன்மைத் தடத்தின் எதிர்முனைத் தண்டவாளத்தில் வைத்தால் அதே மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும். ஒரு தண்டவாளத்தை மட்டும் வெட்டும் முதல் வழியிலும் நிலை இதுதான். வெட்டாத தண்டவாளம் கண்ட்ரோலரோடு தொடர்பிலேயே இருக்கிறது. 'மின்னற்ற' என்று பெயர் வைத்துவிட்டால், அந்தத் தண்டவாளத்தில் கம்பியை இணைக்கப்போகும் புதியவர் அதை வெறும் இரும்பாகவே எண்ணிக்கொள்வார்.

மடை என்ற சொல் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மடைக்கு மேல்புறம், கீழ்புறம் என்ற வேறுபாடு உண்டு. வாய்க்காலிலிருந்து மடை வழியாக வயலுக்கு நீர் பாய்கிறது, வயலின் அடுத்த கரையை உடைத்து வேறு நீரை விட்டால் மடையை அடைத்துப் பயனில்லை. ஒதுக்குத்தட மின்னமைப்பின் முதல் விதி இதுவே. மின்சாரத்தைத் தடமாற்றியின் நாக்குப் பக்கத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். தொலைவில் இருக்கும் எஞ்சின் மெதுவாக ஓடுகிறதே என்று ஒதுக்குத்தடத்தின் கடைசியில் இன்னொரு கம்பியை நேரடியாக இணைத்தால், தடமாற்றியை எப்படித் திருப்பினாலும் அந்த எஞ்சின் நிற்காது. உலோகக் கூர்முனை கொண்ட தடமாற்றியானால் திருப்பிய மறுநொடியே ஷார்ட் ஆகும். இருமுனையும் முதன்மைத் தடத்தில் சேரும் சுற்றுத்தடமானால் அதற்கு இரண்டு மடைகள் என்று கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் அடைத்தால் மற்றதன் வழியாக மின்சாரம் வந்துவிடும். இவ்வாறு விளக்கும்போது புதியவர்களுக்கு வரைபடமே தேவைப்படுவதில்லை.

நாக்குத் தொடுவதை மட்டும் நம்பும் மடை நாளடைவில் பழுதாகும் என்பதும் தெரிந்ததே. தூசியும் ஆக்சைடும் படிந்தால் ஒதுக்குத்தடத்து எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். நாக்கோடு சேர்ந்து நகரும் சிறு ஸ்விட்சையோ, தடமாற்றி மோட்டாரின் துணைத் தொடர்பையோ வைத்து அதே வேலையை உறுதியாகச் செய்துகொள்ளலாம். மடையின் இடம் மாறுகிறது; மடைத்தடம் மாறுவதில்லை. 'துண்டிப்புத் தடம்' என்ற பெயரை ஏற்றிருந்தால் இந்த இரண்டையும் பிரித்துப் பேசச் சொல் இருக்காது.

மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் கடத்தும் டையோடை வைக்கும் வழக்கத்துக்கும் இச்சொல் நீள்கிறது. தடத்தின் கடைசியில் எஞ்சினைத் தடுக்கும் முட்டுத்தாங்கிக்குச் சற்று முன்னால் ஒரு தண்டவாளத்தை வெட்டி, வெட்டின் குறுக்கே ஒரு டையோடை இணைப்பார்கள். முட்டுத்தாங்கியை நோக்கி வரும் எஞ்சினின் மின்வாங்கும் சக்கரங்கள் அனைத்தும் வெட்டைக் கடந்ததும் எஞ்சின் தானாக நின்றுவிடும். கண்ட்ரோலரில் திசையை மாற்றினால் டையோடு மின்சாரத்தைக் கடத்த, எஞ்சின் திரும்பி வரும். சிலிக்கன் டையோடு ஏறக்குறைய 0.7 வோல்ட்டை விழுங்குவதால் வெட்டைத் தாண்டும்வரை சற்று மெதுவாக நகரும், அவ்வளவே. இதை 'ஒருவழி மடை' என்று சொன்னால் விளக்கமே வேண்டாம். 'ஒருவழி உறங்குதடம்' என்று சொல்லிப் பாருங்கள்.

உறங்குதடம் அழகான சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உறங்குவது எஞ்சினா தடமா என்ற குழப்பம் ஒருபுறமிருக்க, அடைத்த தடத்திலிருந்து எஞ்சின் தானாக ஊர்ந்து வரும் அனுபவம் பலருக்கும் இருக்கும். விளக்குப் பொருத்திய பெட்டி ஒன்று வெட்டின்மேல் நின்றால், முன் சக்கரத் தொகுதியும் பின் சக்கரத் தொகுதியும் பெட்டிக்குள் கம்பியால் இணைந்திருப்பதால், ஒரு பக்கத்து மின்சாரத்தை அது மறுபக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அடைத்த மடை கசிகிறது என்று அதைச் சொல்லலாம். பெட்டிகளை வெட்டுக்கு இப்பால் நிறுத்துவதோ, மடைத்தடத்தை எஞ்சினும் பெட்டிகளும் முழுவதுமாக அடங்கும் நீளத்துக்கு அமைப்பதோதான் இதற்கு வழி.

> டிஜிட்டல் முறை வந்த பிறகு தடத்தை அடைக்கும் தேவையே இல்லை. பழைய தொழில்நுட்பத்துக்குப் புதிய சொல் எதற்கு?

இதற்குச் சற்று விரிவாகவே மறுமொழி சொல்ல வேண்டியிருக்கிறது. 1990களில் தரப்படுத்தப்பட்ட டிசிசி என்னும் டிஜிட்டல் கட்டளைக் கட்டுப்பாட்டு முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினிலும் உள்ள டீகோடர் தனக்கான முகவரி கொண்ட கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆகவே நிறுத்திவைத்த எஞ்சின் தன் முகவரிக்குக் கட்டளை வரும்வரை அசையாது என்பது உண்மைதான். அசையாமல் இருப்பதும் மின்சாரம் வாங்காமல் இருப்பதும் ஒன்றில்லை. ஒலியெழுப்பும் டீகோடர் நிற்கும்போதும் இரைந்துகொண்டிருக்கும், விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், இவை எல்லாம் தண்டவாளத்துக்கு மின்சாரம் அனுப்பும் பூஸ்டரின் கணக்கில்தான் சேரும். அழுக்குப் படிந்த இடத்தில் எஞ்சின் நின்றுவிடாமலிருக்கச் சிலவற்றில் மின்தேக்கி வைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட எஞ்சின்கள் பல ஒதுக்குத்தடங்களில் நிற்க, மொத்த அமைப்புக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுத்தால், எல்லா மின்தேக்கிகளும் ஒன்றாக நிரம்பத் தொடங்கும் அந்தக் கணத்து இழுப்பை பூஸ்டர் ஷார்ட் என்று கருதித் தன்னை அணைத்துக்கொள்ளும். மீண்டும் போட்டாலும் அதேதான். ஒதுக்குத்தடங்களை மடைத்தடங்களாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பது இதற்குக் கைகண்ட தீர்வு.

முகவரி மாற்றும் வேலையிலும் இத்தேவை வரும். டீகோடரில் மதிப்புகளைப் பதிவதற்கென ஒதுக்கிய தனி நிரல்தடத்தில் செய்ய வேண்டிய பதிவை முதன்மைத் தடத்தோடு இணைத்தபடியே செய்தால், மின்தொடர்பில் உள்ள எல்லா டீகோடர்களும் அதை ஏற்றுக்கொள்ளும். அத்தனை எஞ்சின்களும் ஒரே முகவரிக்கு வந்துவிடும். புதிய டீகோடர்கள் 3 என்ற முகவரியோடு வருவதால், மாற்ற மறந்த இரண்டு எஞ்சின்கள் ஒரே கட்டளைக்குச் சேர்ந்து ஓடுவதும் நடக்கும். டீகோடரே இல்லாத பழைய எஞ்சினை டிசிசி தடத்தில் நிறுத்தினால் மோட்டார் ரீங்கரித்துச் சூடேறும். இரும்பு உள்ளகமற்ற மோட்டாரானால் கெட்டே போகலாம். அத்தகைய எஞ்சினைக் காட்சிக்கு வைக்க அடைத்த மடைத்தடமே ஏற்ற இடம்.

இன்னொரு நுட்பமும் சொல்ல வேண்டும். டீகோடரில் பதிந்திருக்கும் சிவி 29 என்ற அமைப்பு மதிப்பில் நேர்மின்னிலும் ஓடலாம் என்ற அனுமதி பெரும்பாலான டீகோடர்களில் தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கும். மடையைத் திறக்கும் கணத்தில் வரும் சமிக்ஞையை டீகோடர் நேர்மின் என்று தவறாகப் படித்துவிட்டால், எஞ்சின் முழு வேகத்தில் பாய்ந்துவிடும். 28 வேகப்படிகளுக்கான 2, நேர்மின் அனுமதிக்கான 4 இரண்டும் சேர்ந்து 6 என்று இருக்கும் மதிப்பை 2 என மாற்றினால் இந்த அபாயம் நீங்கும். டிஜிட்டல் முறையிலும் மடைத்தடம் இருக்கிறது. திறக்கும்போது அங்கே கூடுதல் கவனமும் வேண்டியிருக்கிறது. ஆகவே இரு முறைகளுக்கும் பொதுவான சொல்லாக இதைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

> 'மடைத்தடம்' என்றால் மடையன் போட்ட தடம் என்று கேலி செய்வார்களே?

செய்யட்டும். நிதி மடைமாற்றம் என்று செய்தித்தாள்கள் அன்றாடம் எழுதுகின்றன; யாருக்கும் அங்கே மடையன் நினைவு வருவதில்லை. மடைப்பள்ளி என்ற சொல்லையும் எவரும் கேலி செய்வதில்லை. புழக்கத்தில் வந்தால் கேலி தானாக அடங்கும்.

'தனிமைப்படுத்திய தடம்' பற்றிச் சுருக்கமாக: நீளமாக இருக்கிறது, வினையாகப் புழங்க வளையவில்லை. மடை என்றால் திறக்கலாம், அடைக்கலாம், கசியலாம். தண்டவாளத்தில் வைக்கும் பிளாஸ்டிக் இணைப்புக்குக் 'காப்பிணைப்பு' என்ற முந்தைய முடிவு அப்படியே இருக்கட்டும். காப்பு என்பது பொருளின் தன்மை. மடை என்பது நம் கையில் உள்ள செயல். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கக் கூடாது.

நாக்கு வழியாக மின்சாரத்தை வழிக்கேற்ப விடும் தடமாற்றியை 'மடைத் தடமாற்றி' என்றும், எந்தப் பக்கம் திருப்பினாலும் இரு தடங்களுக்கும் மின்சாரம் விடுவதை 'மடையற்ற தடமாற்றி' என்றும் எழுதலாம். டிசிசி அமைப்புகளில் இரண்டாவது வகையையே பலர் விரும்புவதால் இந்த இணை தேவைப்படும்.

பட்டியலுக்கான வரையறையை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: "மடைத்தடம்: மாதிரி இரயில் அமைப்பில், ஸ்விட்ச், தடமாற்றி, டையோடு ஆகியவற்றுள் ஒன்றின் வழியாக மட்டுமே மின்சாரம் பெறுமாறு, மின்சாரத்தைக் கொண்டுவரும் கடத்திகளுள் ஒன்றையேனும் வெட்டிப் பிரித்த தடம்." தண்டவாளம் என்று எழுதாமல் கடத்தி என்று எழுதியதற்குக் காரணம், மார்க்ளின் போன்ற நடுக்கடத்தி முறையில் இரு தண்டவாளங்களும் ஒரே முனையாக இருக்க, பாதையின் நடுவிலுள்ள தொடுபுள்ளிகளின் வரிசையைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். அம்முறையில் பழகியவர்கள் இந்த வரையறை போதுமா என்று பார்த்துச் சொன்னால், திருத்தி அடுத்த மடலில் அனுப்புகிறேன்.

அன்புடன்