இந்தியா கேட்டில் MCMXIV: நடுவில் நிற்கும் C-யை எதனுடன் சேர்ப்பது?

முனிர்க்கா அம்மா
ஆறாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ரோமன் எண்களில் திங்கட்கிழமை தேர்வு. இந்தியா கேட் உச்சியில் நாட்டின் பெயருக்கு ஒரு புறம் MCMXIV, மறு புறம் MCMXIX என்று செதுக்கியிருக்கிறார்கள். அதைப் படிக்கச் சொன்னேன். "பெரியதற்குப் பின்னால் சிறியது வந்தால் கூட்டு, முன்னால் வந்தால் கழி" என்று விதியை ஒப்பித்துவிட்டு, 1100, 1000, 14, ஆக 2114 என்கிறான். முதல் உலகப் போர் தொடங்கிய 1914 அது என்று எனக்குத் தெரியும். ஆனால் C-க்கு இரு பக்கமும் M இருக்கும்போது எதனுடன் சேர்ப்பது என்று கேட்டால் விளக்கத் தெரியவில்லை. 99-ஐ IC என்று எழுதியதையும் ஆசிரியை அடித்திருக்கிறார். நூறில் ஒன்று போனால் தொண்ணூற்றொன்பதுதானே என்று அழுகிறான். உதவுங்கள்.

கரோல்பாக் கணக்கு வாத்தியார்
பிள்ளை சொல்லும் விதி சரிதான் அம்மா. இடமிருந்து வலமாகப் போகும்போது, அடுத்த எழுத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் திரும்பவே வேண்டாம். M-க்கு அடுத்தது C, சிறியது: 1000 என்று எழுதிவிட்டு நகரலாம். C-க்கு அடுத்தது M, பெரியது: இரண்டும் ஜோடி, 900. பிறகு X, 10. I-க்கு அடுத்தது V: மறுபடி ஜோடி, 4. கூட்டினால் 1914. ஜோடிகளைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டால் குழப்பமே வராது.

IC கூடாது என்பதற்குக் காரணம், கழிக்கும் ஜோடிகள் ஆறே ஆறுதான்: IV, IX, XL, XC, CD, CM. 90-ஐயும் 9-ஐயும் தனித்தனியாக எழுதி ஒட்ட வேண்டும்: XCIX. 1999-உம் அப்படித்தான், MCMXCIX. V, L, D மூன்றும் ஒருபோதும் கழிபடாது, அடுத்தடுத்து இரண்டு முறை வரவும் வராது.

ஆர்.கே.புரம் தாத்தா
குழந்தைக்கு நம் தமிழ் எண்களையும் காட்டுங்கள் அம்மா. பழைய முறையில் பத்து ௰, நூறு ௱, ஆயிரம் ௲. ஒன்பதைப் பத்துக்குப் பின்னால் வைத்தால் ௰௯, கூட்டி 19. முன்னால் வைத்தால் ௯௰, பெருக்கி 90. இடம் மாறினால் மதிப்பு மாறும் என்பது இரண்டுக்கும் பொது. முன்னால் வரும் சிறியதை ரோமர்கள் கழித்தார்கள், நாம் பெருக்கினோம். 1914 என்பது ௲௯௱௰௪. இங்கே ௯௱ செய்யும் வேலையைத்தான் அங்கே CM செய்கிறது. டில்லியில் வளரும் பிள்ளைகள் இந்த எழுத்துகளை ஒரு முறையாவது கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

முனிர்க்கா அம்மா
இருவருக்கும் நன்றி. இந்தியா கேட் திறக்கப்பட்ட 1931-ஐ MCMXXXI என்று தானாகவே எழுதிவிட்டான்! தாத்தா சொன்ன ௯௱-ஐயும் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறான். இப்போது அடுத்த கேள்வி: எங்கள் சுவர்க் கடிகாரத்தில் நாலுக்கு IIII என்று இருக்கிறதே, அது தவறா?

கரோல்பாக் கணக்கு வாத்தியார்
தவறில்லை. கடிகார முகப்புகளில் அது நெடுநாள் வழக்கம். ரோமர்களே இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். ரோம் நகரின் கொலோசியத்தில் 44-ஆம் நுழைவாயிலுக்கு மேல் XLIIII என்றுதான் வெட்டியிருக்கிறது. நாற்பதுக்குக் கழித்தவர்கள் நாலுக்குக் கழிக்கவில்லை, பாருங்கள். இதை அவனிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் திங்கட்கிழமை விடைத்தாளில் IV என்றே எழுதட்டும்.