டில்லர் கைப்பிடி பேட்டன்ட்டுக்கு 3(எஃப்) ஆட்சேபம் வந்திருக்கிறது, எப்படிப் பதில் எழுதுவது?

ஸ்டாக்கர் பட்டறை, கோவை:

வணக்கம். கோவையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். பேட்டரி ஸ்டாக்கர் செய்கிறோம். கிடங்கில் ஆள் பின்னால் நடந்துகொண்டே ஓட்டுகிற வகை. 1,000 கிலோவை 3 மீட்டர் உயரம் வரை தூக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரின் கிடங்கில், குறுகலான சந்தில் ஓட்டுநர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பாரம் மேலே இருந்தது. டில்லரை, அதாவது வண்டியைத் திருப்பும் நீளக் கைப்பிடியை, திருப்பும் வேகத்தில் அவர் கை இறக்கும் லீவரில் அழுந்திவிட்டது. பாரம் சட்டென்று இறங்கி, பேலட் சாய்ந்து, அட்டைப் பெட்டிகள் எல்லாம் கீழே. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அதன் பிறகு செய்ததுதான் இந்த அமைப்பு. எங்கள் வண்டியில் இறக்கும் லீவரிலிருந்து வால்வுக்கு ஒரு கேபிள் போகிறது. பைக் கிளட்ச் கேபிள் மாதிரி, உள்ளே கம்பி, வெளியே உறை. டில்லரின் அடியில், சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்), ஒரு கேம் தகடு வைத்தோம். வளைந்த விளிம்பால் பக்கத்துப் பாகத்தைத் தள்ளுகிற தகடு அது. டில்லரை 30 டிகிரிக்கு மேல் திருப்பினால் கேம் அந்த உறையின் முனையை நகர்த்திக் கம்பிக்குத் தளர்ச்சி கொடுக்கும். அப்போது லீவரை முழுசாக இழுத்தாலும் வால்வு கொஞ்சம்தான் திறக்கும், பாரம் மெதுவாக இறங்கும். சென்சார் கிடையாது, புரோகிராம் கிடையாது.

சென்னை பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்து, எஃப்.இ.ஆர். (முதல் பரிசோதனை அறிக்கை) வந்து நாலு மாதம் ஆகிறது. எழுதிக் கொடுத்த முகவர் இப்போது போனை எடுப்பதில்லை. ஆட்சேபம் இதுதான்: முதல் ஆவணம், லீவர்கள் எல்லாம் டில்லர் தலையிலேயே இருக்கிற ஒரு சீன ஸ்டாக்கர், அதிலும் இறக்க கேபிள்தான். இரண்டாவது, ஸ்டியரிங் கோணத்தைப் பார்த்து ஓட்ட வேகத்தைக் குறைக்கிற ஒரு ஐரோப்பிய ஃபோர்க்லிஃப்ட். இரண்டையும் சேர்த்தால் எங்களுடையது வந்துவிடுமாம், அதனால் பேட்டன்ட் சட்டப் பிரிவு 2(1)(ஜேஏ)-படி புதுச் சிந்தனை இல்லையாம். கூடவே 3(எஃப்): தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கி வைத்தது.

எங்கள் முதல் கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம், இவ்வளவுதான்: "டில்லரின் திருப்புக் கோணத்துக்கு ஏற்ப ஃபோர்க் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு." இதை வைத்துப் போராட முடியுமா? இல்லை, விட்டுவிடுவதா?

பேட்டன்ட் முகவர், சென்னை:

விடாதீர்கள். ஆனால் முதலில் தேதியைப் பாருங்கள். எஃப்.இ.ஆர். தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் பதில் போக வேண்டும். முடியாவிட்டால் படிவம் 4 போட்டு 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அந்தப் படிவமும் இந்த 6 மாதம் முடிவதற்கு முன்பே போக வேண்டும். இரண்டும் இல்லை என்றால் பிரிவு 21-ன்படி விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். வெளிநாட்டிலும் விண்ணப்பித்திருந்தால் படிவம் 3-க்குக் கெடு தனி. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு அது எஃப்.இ.ஆர். தேதியிலிருந்து 3 மாதம்தான்.

இரண்டு கேள்வி. தாக்கல் செய்த அன்று கொடுத்த விவரக்குறிப்பில் கேமும் கேபிள் உறையும் எழுதியிருக்கிறதா, இல்லை கிளெய்மில் இருக்கிற அளவுக்கு மேலோட்டமாகத்தான் இருக்கிறதா? தாக்கலுக்கு முன் இந்த வண்டியை யாருக்காவது விற்றீர்களா, எங்காவது காட்டினீர்களா?

ஸ்டாக்கர் பட்டறை, கோவை:

வெளிநாட்டில் போடவில்லை சார். கேம், உறை இரண்டும் விவரக்குறிப்பின் 6-ம் பக்கத்தில் இருக்கிறது, படம் 3-லும் எண் போட்டுக் காட்டியிருக்கிறது. கிளெய்மில்தான் எங்கும் இல்லை.

தாக்கலுக்கு இரண்டு மாதம் முன்பு இரண்டு வண்டியை அதே வாடிக்கையாளருக்குச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தோம். காசு வாங்கவில்லை. டெலிவரி சலானில் "சோதனைக்கு, திருப்பித் தர வேண்டியது" என்று எழுதியிருக்கிறது. யூடியூபில் வீடியோ போட்டது தாக்கலுக்கு அப்புறம் நாலு மாதம் கழித்து.

பேட்டன்ட் முகவர், சென்னை:

சலானில் அந்த வரியை எழுதியவருக்கு நன்றி சொல்லுங்கள். பிரிவு 32 இதற்குத்தான் இருக்கிறது. தாக்கலுக்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள், நியாயமான சோதனைக்காக மட்டும், பொருளின் தன்மையால் வெளியில் வைத்தே சோதிக்க வேண்டியிருந்தால், அது புதுமையைக் கெடுக்காது. கிடங்கு வண்டியைக் கிடங்கில்தானே சோதிக்க முடியும்? காசு வாங்கியிருந்தால் இப்படிச் சொல்வது கடினம். எக்ஸாமினர் இதைக் கேட்கவில்லை, அதனால் பதிலில் வலிய எழுத வேண்டியதில்லை. நாளைக்குப் போட்டியாளர் யாராவது பிரிவு 25(1)-ல் எதிர்ப்பு போட்டால் அந்தச் சலான் வேண்டும். பத்திரமாக வையுங்கள். யாராவது கேட்டால் மறைக்கவும் கூடாது.

இப்போது ஆட்சேபத்துக்கு வருவோம். வருத்தப்படாமல் கேளுங்கள்: நீங்கள் கேட்டிருக்கிற கிளெய்மைப் பொறுத்தவரை எக்ஸாமினர் சொல்வது சரி. "கோணத்துக்கு ஏற்ப வேகத்தைக் கட்டுப்படுத்துவது" என்று அகலமாகக் கேட்டால், ஓட்ட வேகத்துக்குச் செய்ததை இறங்கும் வேகத்துக்கும் செய்வது யாருக்கும் தோன்றுமே என்று அவர் கேட்பார். நீங்கள் உண்மையில் கண்டுபிடித்தது கேபிள் உறையை நகர்த்துவது. அது 6-ம் பக்கத்திலேயே நின்றுவிட்டது, கிளெய்முக்கு வரவில்லை.

அதை முதல் கிளெய்முக்குக் கொண்டு வர வேண்டும். பிரிவு 59 இதை அனுமதிக்கும். புதிதாக எதையும் சேர்க்கவில்லை, தாக்கல் செய்ததற்குள்ளேயே இருக்கிறதை வைத்துக் கிளெய்மைச் சுருக்குகிறோம். 6-ம் பக்கத்தில் இல்லாத ஒரு ஸ்பிரிங்கையோ சென்சாரையோ இப்போது நுழைக்கப் பார்த்தால்தான் சிக்கல்.

3(எஃப்)-க்கு அந்தப் பிரிவின் வாசகத்தை மெதுவாகப் படியுங்கள். தெரிந்த சாதனங்கள், ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சாராமல், தெரிந்த விதத்தில் இயங்க வேண்டும். அப்போதுதான் அது வெறும் அடுக்கு. பேட்டன்ட் அலுவலகக் கையேடு காட்டும் உதாரணங்களைப் பாருங்கள்: டார்ச் பொருத்திய பக்கெட், மின்விசிறி பொருத்திய குடை. டார்ச்சைக் கழற்றினால் பக்கெட் பக்கெட்டாகவே இருக்கும். உங்கள் கேமைக் கழற்றினால் லீவர் இழுப்புக்கும் வால்வு திறப்புக்கும் உள்ள உறவே மாறிவிடுகிறது. அதைப் பதிலில் இரண்டு பத்தியில் சொன்னால் போதும்.

2(1)(ஜேஏ) தான் கடினம். 1970-களின் இறுதியில் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அளவுகோல். பாத்திரத்தை லேத்தில் பிடித்து வைக்கிற கருவிக்கான பேட்டன்ட் அது. பட்டறையில் தேர்ந்த ஆள் வழக்கமாகச் செய்யும் மேம்பாடுதான் என்று சொல்லி ரத்து செய்தார்கள். உங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு எதிராக அடிக்கடி இதைத்தான் எடுப்பார்கள். 2015-ல் ரோஷ் - சிப்லா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் படிப்படியாக ஒரு முறை சொன்னது. அதில் கடைசிப் படி: நம் கண்டுபிடிப்பைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்க்காமல், அந்த வித்தியாசம் துறைக்காரருக்குத் தானாகத் தோன்றுமா என்று கேட்க வேண்டும். அந்த வித்தியாசம் என்ன என்பதை வண்டி தெரிந்த யாராவது சொன்னால் நல்லது.

லிஃப்ட் டிரக் சர்வீஸ், ஓசூர்:

நான் ரீச் டிரக், ஸ்டாக்கர் எல்லாம் பழுது பார்க்கிறவன். சட்டம் தெரியாது, வண்டி தெரியும்.

இரண்டாவது ஆவணத்தில் கன்ட்ரோலர் குறைப்பது ஓட்ட மோட்டாரின் வேகத்தை. மோட்டாருக்குப் போகிற கரண்டைக் குறைத்தால் வண்டி மெதுவாகப் போகும். ஸ்டாக்கரில் தூக்கும்போதுதான் பம்ப் மோட்டார் ஓடும். இறக்கும்போது எந்த மோட்டாரும் ஓடாது. பாரத்தின் எடையே எண்ணெயைச் சிலிண்டரிலிருந்து டாங்க்குக்குத் தள்ளும், வால்வு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு வேகம். கையால் இழுக்கிற கேபிள் வால்வில் கன்ட்ரோலருக்கு வேலையே கிடையாது. அதனால் அந்த ஐரோப்பிய வண்டியின் கன்ட்ரோலரைத் தூக்கி இந்தச் சீன ஸ்டாக்கரில் வைத்தாலும், திருப்பும்போது வண்டி மெதுவாகப் போகும், பாரம் அதே வேகத்தில்தான் விழும்.

இன்னொன்று: பேட்டரி இறங்கிப் போனாலும், சாவியை எடுத்துவிட்டாலும், கேபிள் வண்டியில் லீவரை இழுத்தால் ஃபோர்க் இறங்கும். அப்படியும் விபத்து நடக்கிறது. இவர் செய்த கேம் அப்போதும் வேலை செய்யும். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் அப்போது காப்பாற்றாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. விலை கூடின வண்டிகளில் இறக்கும் வால்வே எலக்ட்ரிக், விகித சோலினாய்டு, அதாவது கரண்டின் அளவுக்கு ஏற்பத் திறப்பது. அங்கே கன்ட்ரோலர் நினைத்தால் இறக்கத்தையும் மெதுவாக்க முடியும். அதனால் எல்லா வகை ஸ்டாக்கருக்கும் சேர்த்துக் கேட்காதீர்கள்.

பேட்டன்ட் முகவர், சென்னை:

பதிலின் முதுகெலும்பே இதுதான். நான் பத்துப் பக்கம் எழுதினாலும் இவ்வளவு தெளிவாக வராது. இரண்டு ஆவணத்தையும் சேர்த்தாலும் பாரம் அதே வேகத்தில் விழும் என்பதை அப்படியே எழுதுங்கள். பேட்டரி இல்லாமலும் வேலை செய்யும் என்பது 6-ம் பக்கத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அந்த வரியைச் சுட்டுங்கள். கேம் போட்டும் கழற்றியும், ஒரே பாரத்தை ஒரே உயரத்திலிருந்து இறக்கி நேரத்தைக் குறியுங்கள். அதைப் பிரமாணப் பத்திரமாகப் பிரிவு 79-ன்படி கொடுக்கலாம்.

ஸ்டாக்கர் பட்டறை, கோவை:

இருக்கிறது சார், "மின்சாரம் இல்லாத நிலையிலும்" என்று 7-ம் பக்கத்தில். அண்ணே, உங்களுக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை அளந்துவிடுகிறோம்.

ஒரு விஷயம் மனசை உறுத்துகிறது. உறையை நகர்த்தலாம் என்ற யோசனை எங்கள் ஃபிட்டருடையது. பழைய மொபெட்டில் ஆக்சிலரேட்டர் கேபிளைத் தப்பான வழியில் விட்டால், ஹேண்டிலைத் திருப்பும்போது தானாக ரேஸ் ஆகுமே, அதைப் பார்த்துத்தான் அவருக்குத் தோன்றியது. படிவம் 1-ல் கண்டுபிடிப்பாளர் என்று என் பெயரும் என் தம்பி பெயரும்தான் இருக்கிறது. அப்போது எனக்கு இது புரியவில்லை. இனி சேர்க்க முடியுமா? அந்த மொபெட் கதை எங்களுக்கு எதிராகப் போகுமா?

பேட்டன்ட் முகவர், சென்னை:

முடியும், செய்தே ஆக வேண்டும். இப்போது முதல் கிளெய்மே அவருடைய யோசனையாகிவிட்டது. பிரிவு 28-ன்படி படிவம் 8 போட்டு அவர் பெயரைச் சேர்க்கலாம், பேட்டன்ட் வழங்குவதற்கு முன்பே செய்யுங்கள். வேலைக்காரர் கண்டுபிடித்தால் அது தானாகவே முதலாளிக்குப் போய்விடும் என்று நம் பேட்டன்ட் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. அவர் உரிமையை உங்கள் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு அவருக்கு நியாயமாக ஏதாவது செய்யுங்கள். இதை முகவராக மட்டும் சொல்லவில்லை.

மொபெட் கதை எதிரானது இல்லை. எல்லா மெக்கானிக்கும் அதைக் கோளாறு என்று பார்த்து, கேபிளை வழிமாற்றிச் சரி செய்வார்கள். உங்கள் ஃபிட்டர் அந்தக் கோளாறையே திருப்பிப் போட்டு ஒரு பாதுகாப்பாக ஆக்கினார். ஆனால் யோசனை எப்படி வந்தது என்பது தேர்வில் கேள்வி இல்லை, பதிலில் அது வேண்டாம்.

ஸ்டாக்கர் பட்டறை, கோவை:

கிளெய்மைத் திருத்தி எழுதினேன். தாக்கல் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் தருகிறேன், அடைப்புக்குறியில் இருப்பது படத்தில் உள்ள எண்:

"நடந்து ஓட்டும் ஸ்டாக்கருக்கான கட்டுப்பாட்டு அமைப்பு, அதில் சேஸிஸுடன் (2) திரும்பும்படி இணைந்த டில்லர் (4), டில்லரில் உள்ள இறக்கும் லீவரை (10) இறக்கும் வால்வுடன் (16) இணைக்கும் உறையுள்ள கேபிள் (6) ஆகியவை உண்டு, சேஸிஸில் நிலைத்த கேம் தகடும் (12), உறையின் முனையைத் (8) தாங்கும் பின்தொடரியும் (14) இருப்பது இதன் சிறப்பு, டில்லர் ஏறத்தாழ 30 டிகிரிக்கு மேல் திரும்பும்போது பின்தொடரி உறையின் முனையை நகர்த்துவதால் பாரம் வேகமாக இறங்காது."

பேட்டன்ட் முகவர், சென்னை:

நன்றாக வந்திருக்கிறது. இரண்டே இடம். "ஏறத்தாழ 30" என்று இருந்தால் தெளிவில்லை என்று இன்னொரு ஆட்சேபம் வரும். முதல் கிளெய்மில் "முன்கூட்டியே அமைத்த கோணம்" என்று போட்டு, 30 டிகிரியைச் சார்பு கிளெய்முக்கு, அதாவது முதல் கிளெய்மைச் சார்ந்து அடுத்து வருகிற கிளெய்முக்கு, தள்ளுங்கள். "வேகமாக இறங்காது" என்பது பலன். அதற்குப் பதில் "லீவரின் அதே இழுப்புக்கு வால்வின் திறப்பு குறையும்படி" என்று, பாகம் என்ன செய்கிறதோ அதை எழுதுங்கள்.

திருத்தியது தெரியும்படி ஒரு பிரதி, சுத்தமாக ஒரு பிரதி, இரண்டையும் போடுங்கள். இதற்குப் பிறகும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பிரிவு 14-ல் விசாரணைக்கு அழைப்பார்கள், வீடியோவிலேயே பேசலாம். அது முடிந்து 15 நாளுக்குள் எழுத்து வாதம் கொடுக்க வேண்டும். விசாரணையன்று உங்கள் ஃபிட்டரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கேபிள் பற்றிக் கேட்டால் அவர் சொல்லட்டும்.

ஸ்டாக்கர் பட்டறை, கோவை:

சரி சார். ஃபிட்டரைப் படிவம் 8-ல் கையெழுத்துப் போடச் சொன்னதும், பெயரை இனிஷியலோடு எழுத வேண்டுமா, ஆதாரில் இருக்கிற மாதிரியா என்று ரெண்டு தடவை கேட்டார். ஆதாரில் இருக்கிற மாதிரியே போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை தாக்கல்.