கிளிசரால் ஹைட்ரோஜெனோலிசிஸ் (ஹைட்ரஜன் வச்சு பிணைப்பை உடைக்கறது): ஆர்பிஎம் ஏத்தியும் கன்வர்ஷன் மாறல, அப்போ மாஸ் ட்ரான்ஸ்ஃபர் லிமிட்டேஷன் (பொருள் கேட்டலிஸ்ட்கிட்ட போய்ச்சேர்றதுல தடை) இல்லைன்னு எழுதலாமா?

ஆட்டோகிளேவ்வாசி:
வணக்கம். பயோடீசல் 10 டன் பண்ணா கிட்டத்தட்ட ஒரு டன் கிளிசரால் ஒதுங்குதுல்ல, அதை 1,2-ப்ரொப்பேன்டையாலா மாத்துறதுதான் என் பிஎச்டி வேலை. காப்பர்-அலுமினா கேட்டலிஸ்ட், தண்ணில 20 சதவீதம் கிளிசரால், 200 டிகிரி, ஓடும்போது மொத்த ப்ரெஷர் 40 பார். 600 ஆர்பிஎம் தாண்டிட்டா எவ்ளோ ஏத்தினாலும் கன்வர்ஷன் அசையல. வைஸ்-ப்ரேட்டர் நம்பர் (கேட்டலிஸ்ட் துளைக்குள்ள பரவறது ரேட்டை தடுக்குதான்னு பார்க்கற கணக்கு) கிளிசராலுக்கு போட்டேன், 0.3க்கு ரொம்ப கீழ, அதாவது தடை தெரியல. ஆனா 180ல இருந்து 220 வரைக்கும் அர்ரீனியஸ் ப்ளாட் (டெம்பரேச்சரோட ரேட் எப்படி மாறுதுன்னு பார்க்கறது) போட்டா ஆக்டிவேஷன் எனர்ஜி மோலுக்கு 35 கிலோஜூல்தான், ரொம்ப கம்மியா தெரியுது. கைடு எழுதிடுங்கறார், எனக்கு மனசு ஒப்பல.

துளைக்குள்தேடி:
ஒப்பாதது சரிதாங்க. நீங்க கிளிசராலுக்கு கணக்கு போட்டிருக்கீங்க, அது லிட்டருக்கு 2 மோலுக்கு மேல கிடக்கு, அதுக்கு பஞ்சமே வராது. கரைஞ்சிருக்கற ஹைட்ரஜனைப் பாருங்க, அறை வெப்பநிலைல தண்ணில ஒரு பாருக்கு லிட்டருக்கு 0.8 மில்லிமோல்கூட கரையாது, 200 டிகிரில கொஞ்சம் கூடினாலும் கிளிசரால் பக்கத்துல அது ஒண்ணுமே இல்ல. அதனால வைஸ்-ப்ரேட்டரை ஹைட்ரஜனுக்கு போடுங்க. அப்புறம் ஆர்பிஎம் டெஸ்ட் துளைக்கு உள்ள நடக்கறதை காட்டவே காட்டாது, பவுடர் ரொம்ப நைசா இருந்தா திரவத்தோடயே சேர்ந்து சுத்தும், வெளிப்பக்க ரெசிஸ்டன்ஸ்கூட ஸ்பீடுக்கு பெருசா அசையாது. அதே கேட்டலிஸ்ட்டை ரெண்டு சைஸ்ல சலிச்சு ஓட்டுங்க. ஆரம் பாதியானா வைஸ்-ப்ரேட்டர் நம்பர் கால்வாசியாகும், ரேட் ஏறுச்சுன்னா சிக்கல் உள்ளதான்.

நீராவிக்கணக்கன்:
இன்னொண்ணு, இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. மொத்தம் 40 பார்னு வச்சுட்டு டெம்பரேச்சர் ஏத்தினா தண்ணி ஆவியே இடத்தை பிடிச்சுக்கும். சுத்த தண்ணிக்கு 180 டிகிரில 10 பார், 220ல 23 பார். அப்போ ஹைட்ரஜன் 30லேர்ந்து 17க்கு இறங்கிடுது, மேல போகப்போக ரேட்டை நீங்களே அமுக்கறீங்க! அந்த 35ல ஒரு பங்கு இதுவா இருக்கலாம். ஹைட்ரஜன் பார்ஷியல் ப்ரெஷரை ஒரே அளவுல வச்சு மறுபடி எடுங்க, அப்பவும் அந்த எனர்ஜி ஏறலைன்னா டிஃப்யூஷன் பக்கம் போங்க, துளைக்குள்ள முழுசா மாட்டிக்கிட்டா நிஜ எனர்ஜில பாதிதான் தெரியும்.

ஆட்டோகிளேவ்வாசி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், ஆவி விஷயம் எனக்கு தோணவே இல்ல. ஜிசில (கேஸ் குரோமட்டோகிராஃப்) அசிட்டாலும் கொஞ்சம் தெரியுது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

துளைக்குள்தேடி:
உண்டுங்க, அதுதான் நல்ல துப்பு. கிளிசரால்ல இருந்து முதல்ல தண்ணி போய் அசிட்டால் ஆகுது, அதுக்கப்புறம்தான் ஹைட்ரஜன் ஏறி ப்ரொப்பேன்டையால். ஹைட்ரஜன் போதலைன்னா அசிட்டால் தேங்கும். கேட்டலிஸ்ட் எடையை மாத்தி மாத்தி ஓட்டி, ரேட்டின் தலைகீழை எடையின் தலைகீழுக்கு எதிரா ப்ளாட் போடுங்க, கோடு ஆரம்பப்புள்ளி வழியா போகாம மேல வெட்டுச்சுன்னா கேஸ் திரவத்துக்குள்ள இறங்கறதுலயே தடை இருக்கு. அப்படி வந்தா கேஸ் உறிஞ்சற உள்ளீடற்ற ஷாஃப்ட் இம்பெல்லர் இருக்கற ரியாக்டர் கேளுங்க, சும்மா வேகமா சுத்தறதைவிட அது எவ்ளவோ மேல்.

காப்பர்மனசு:
முடிஞ்சா மேடன்-பூடார்ட் டெஸ்ட்டும் பண்ணுங்க, ஒரே சப்போர்ட்ல ரெண்டு காப்பர் லோடிங், டிஸ்பெர்ஷன் (மொத்த காப்பர்ல மேற்பரப்புல இருக்கற பங்கு) ஒண்ணா இருக்கணும், நைட்ரஸ் ஆக்சைடு வச்சு மேற்பரப்பு காப்பர் எண்ணிக்கோங்க. காப்பர் அணுவுக்கு இவ்ளோன்னு பார்த்தா ரெண்டுலயும் ரேட் ஒண்ணா வரணும், ரெண்டு டெம்பரேச்சர்லயும் ஒத்துப்போச்சுன்னா தைரியமா எழுதுங்க.