வீட்டு சிமுலேட்டருக்குச் சிறிய விமானம் ஒன்று: எதை வாங்கலாம்?

வெள்ளவத்தை_கடற்கரை:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, ஸ்டாண்டர்ட் பதிப்பு. 16 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், திருகினால் ரடர் (வால் சுக்கான்) வேலை செய்கிற ஜொய்ஸ்டிக். பெடல் இல்லை, த்ரொட்டிலுக்கு ஒரு ஸ்லைடர் மட்டும்தான்.

அடுத்த வருடம் கொழும்புக்கு அருகே இரத்மலானையில் பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) பயிற்சி தொடங்கும் எண்ணம். சேரப்போகும் பள்ளியில் செஸ்னா 152. அதற்கு முன் வீட்டில் பழக ஒரு விமானம் வாங்கலாம் என்று பார்க்கிறேன். டொலரில் கட்ட வேண்டியிருப்பதால் இப்போதைக்கு ஒன்றுதான் முடியும். ஜஸ்ட் ஃப்ளைட் நிறுவனத்தின் வொரியர் 2, அவர்களுடைய ஏரோ 3, ஏ2ஏ நிறுவனத்தின் கொமாஞ்சி 250 ஆகிய மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. ஊசி மீற்றர்களுக்குப் பதில் ஜி1000 என்ற டிஜிட்டல் திரை உள்ள ஒன்றை எடுக்கச் சொல்லும் நண்பர்களும் உண்டு. எதை வைத்து முடிவெடுப்பது?

கார்ப்ஹீட்:

தம்பி, காசு கட்டுவதற்கு முன் கையில் இருப்பதைச் சரியாகப் பயன்படுத்துங்கள். ஸ்டாண்டர்ட் பதிப்பிலேயே செஸ்னா 152 இருக்கிறது. அதன்மேல் போடும் ஜேபிஎல் 152 என்ற மேம்பாடு இலவசம். என்ஜின் தேய்மானம், பிளக்கில் கரி பிடிப்பது, பராமரிப்பு எல்லாம் அதில் உண்டு. ஒரு நாள் என்ஜினைப் போட்டு வதைத்தால் அடுத்த நாளும் அது நினைவில் வைத்திருக்கும். நீங்கள் ஏறப்போவதும் 152 தான். ஆகவே முதல் சில மாதங்களுக்கு அதுவே போதும்.

பிறகு வாங்கும் எந்த விமானத்தையும் படத்தைப் பார்த்து எடை போடாதீர்கள். கொக்பிட்டில் திருகாணி துருப்பிடித்திருக்கிறதா என்பதல்ல கேள்வி. அந்த விமானத்தின் கையேட்டில் உள்ள எண்கள் சிமுலேட்டரிலும் வருகின்றனவா என்பதே கேள்வி. 152ஐ வைத்தே பரிசோதிக்கும் முறையைப் பழகலாம். நேரடி வானிலையை நிறுத்துங்கள். காற்று பூச்சியம், கடல்மட்ட வெப்பநிலை 30 பாகை என்று வையுங்கள். எடையை 1670 இறாத்தலுக்கு ஏற்றுங்கள். பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்: ஒருவர் மட்டும், அரைத் தாங்கி எரிபொருள் என்று பறந்துவிட்டு "கையேட்டைவிட வேகமாக ஏறுகிறது, மொடல் பிழை" என்று எழுதிவிடுகிறார்கள்.

இரத்மலானையில் 22ஆம் ஓடுபாதையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முழு த்ரொட்டில் கொடுங்கள். நின்ற நிலையில் 2280க்கும் 2380க்கும் இடையில் ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) நிற்க வேண்டும். மக்னீட்டோ (பிளக்குகளுக்கு மின்பொறி தரும் இரட்டைக் கருவி) சோதனை 1700இல். ஒவ்வொரு பக்கமும் 125க்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50க்கு மேல் போகக்கூடாது. ஏறும்போது 67 நொட். கையேட்டின்படி கடல்மட்டத்தில் 20 பாகையில் நிமிடத்துக்கு 700 அடி, 40 பாகையில் 630. ஆகவே 30 பாகையில் 660 அளவில் வந்தால் சரி. 900 காட்டினால் அந்த மொடலில் பழகிய கை இரத்மலானையில் ஏமாறும். நம்முடைய வெயிலில் இது சின்ன விஷயமல்ல. கணக்குக்கு எடுக்கும் நியம வளிமண்டலம் கடல்மட்டத்தில் 15 பாகை; மத்தியானம் 32 பாகை என்றால் வித்தியாசம் 17. பாகைக்கு 120 அடி வீதம் பெருக்கினால் ஏறத்தாழ 2000 அடி. கடலோரத்தில் நிற்கும் விமானம் 2000 அடி உயரத்தில் நிற்பதுபோல மூச்சு வாங்கும்.

அடுத்த சோதனை கார்புரேட்டர் ஐஸ், அதாவது காற்றும் பெற்றோலும் கலக்கும் பகுதியில் பனி பிடிப்பது. கொழும்பில் ஏது ஐஸ் என்று கேட்பவர்கள் நிறைய. பெற்றோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது, வெஞ்சுரி என்ற குறுகிய கழுத்தில் அழுத்தமும் குறைகிறது. உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் இறங்கலாம். வெளியே 28 பாகை, ஈரப்பதன் 80 வீதம், த்ரொட்டிலைக் குறைத்து இறங்குகிறீர்கள் என்றால் ஐஸ் பிடிக்க அதுவே தோதான நேரம். சிமுலேட்டரில் அப்படியான வானிலையை வைத்து, ஆர்பிஎம்மை 1800க்குக் கீழே விட்டுச் சில நிமிடம் பறந்து, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் லீவரை இழுத்துப் பாருங்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் ஆர்பிஎம் முதலில் கொஞ்சம் விழும். பிறகு உதறி உதறி பழைய அளவையும் தாண்டி ஏறினால் ஐஸ் உருகியது என்று பொருள். விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டால் ஐஸ் பிடிக்கவில்லை. வானிலை தோதாக இருந்தும் எப்போதும் அப்படியே என்றால் அந்த மொடலில் ஐஸே இல்லை. லீவர் வெறும் அலங்காரம்.

கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால் என் தெரிவு வொரியர் 2. 160 குதிரைவலு, அசையாத சக்கரம், நிலையான கோண புரொப்பெல்லர்: உங்கள் ஒற்றை ஸ்லைடருக்கு ஏற்றது. ஏரோவில் புரொப் லீவரும் சக்கரம் மடிப்பதும் சேர்ந்துவிடும், அது இப்போது வேண்டாம். ஜி1000? 152இல் திரை கிடையாது. ஊசியைப் பார்த்து வேகத்தைப் படிக்கக் கண் பழகட்டும்.

ரன்வே_22:

பரிசோதனை பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் வொரியரில் எனக்கு உடன்பாடில்லை. 152 இலவசமாகவே இருக்கிறது. அதைவிடக் கொஞ்சம் பெரிய, ஏறத்தாழ அதே பாடத்தைச் சொல்லித்தரும் இன்னொன்றுக்கு ஏன் டொலர்? ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், 152 முடிந்த பிறகும் வருடக்கணக்கில் அலுக்காத ஒன்றை எடுங்கள். அது கொமாஞ்சி 250.

250 குதிரைவலு ஓ-540 என்ஜின், மடியும் சக்கரம், மாறும் கோண புரொப்பெல்லர். ஏ2ஏ அதில் என்ஜினுக்குச் சொந்தக் கணிப்பையே வைத்திருக்கிறார்கள். தரையில் மிக்ஸ்சரை (எரிபொருள், காற்றுக் கலவையின் கட்டுப்பாடு) முழுவதும் உள்ளே விட்டு மெதுவாக ஓடவிட்டால் பிளக்கில் படிவு சேர்ந்து, மக்னீட்டோ சோதனையில் என்ஜின் உதறும். அதற்காகத்தான் டாக்ஸியில் மிக்ஸ்சரை வெளியே இழுத்து வைப்பது. இந்தப் பழக்கம் நிஜ 152இலும் அப்படியே உதவும். தேய்மானத்தைத் தொட்டுணரும் அளவுக்குச் செய்திருக்கிறார்கள்: எண்ணெய் குறைவதைக் கவனிக்காமல் விட்டால் அது மீற்றரில் தெரியும்.

இதுவும் கார்புரேட்டர் என்ஜின்தான். ஆனால் மேலே சொன்ன ஐஸ் சோதனையில் ஆர்பிஎம்மைப் பார்த்துப் பயனில்லை. புரொப்பெல்லரின் கோணத்தை மாற்றும் கவர்னர் ஆர்பிஎம்மைப் பிடித்து வைத்திருக்கும். மனிஃபோல்ட் அழுத்தம் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) மெல்ல இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஒரு நிபந்தனை: ஒற்றை ஸ்லைடரோடு வாங்க வேண்டாம். த்ரொட்டில், புரொப், மிக்ஸ்சர் மூன்றுக்கும் லீவர் வேண்டும். கீபோர்டில் மிக்ஸ்சரைத் தட்டித் தட்டி லீன் பண்ணுவது (எரிபொருளைக் குறைப்பது) பாதி வேலைதான். அசிஸ்டன்ஸ் பகுதியில் தானியங்கி மிக்ஸ்சர், தானியங்கி ரடர் இரண்டையும் நிறுத்துங்கள். அவை ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய என்ஜினை உங்களுக்குப் பதிலாக சிமுலேட்டர் ஓட்டும்.

தெஹிவளை_ஹேங்கர்:

கொம்பியூட்டர் பற்றி யாரும் சொல்லவில்லை. 8 ஜிபி கார்டில் ஊசி மீற்றர் விமானங்கள் தாராளமாக ஓடும். ஜி1000 வகை என்றால் திரையைத் திரும்பத் திரும்ப வரையும் வேலை சேரும். செட்டிங்கில் கண்ணாடி கொக்பிட்டின் புதுப்பிப்பு வேகத்தை மீடியத்துக்கு இறக்க வேண்டியிருக்கும். 4கே டெக்ஸ்ச்சர் நிறைந்த விமானத்தில் திரும்பும்போது படம் வெட்டி வெட்டி வந்தால் டெக்ஸ்ச்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்குங்கள், டெரெய்ன் அளவை 100க்குக் கொண்டுவாருங்கள். டெவலப்பர் மோடில் உள்ள எஃப்பிஎஸ் பெட்டி, தடங்கல் மெயின் த்ரெட்டிலா (புரொசஸரிலா) கிராபிக்ஸ் கார்டிலா என்று எழுதியே காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் குறையுங்கள், கண்டபடி எல்லாவற்றையும் குறைக்காதீர்கள்.

விமானம் "காணோம்" என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை ஒரே காரணம். ஸிப்பை விரித்ததும் ஒரு ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொன்று வந்துவிடும். மேலதிக விமானங்களுக்கான கம்யூனிட்டி ஃபோல்டருக்குள் நீங்கள் வைக்கும் ஃபோல்டரைத் திறந்தவுடனே மெனிஃபெஸ்ட், லேயவுட் இரண்டு ஃபைலும் கண்ணில் பட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு படி உள்ளே போய் அந்த ஃபோல்டரை எடுத்து வையுங்கள். சிமுலேட்டரை மூடிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மார்க்கெட்பிளேஸில் வாங்கினால் நிறுவுவது சுலபம், ஆனால் ஃபைல்கள் பூட்டப்பட்டிருக்கும், திருத்தங்களும் பெரும்பாலும் பிந்தி வரும். பிசியில் மட்டும் பறப்பவர் தயாரித்தவர்களின் கடையிலேயே வாங்குவது நல்லது.

வெள்ளவத்தை_கடற்கரை:

மூவருக்கும் நன்றி. ஜேபிஎல் 152ஐப் போட்டுவிட்டேன். மூக்கு மேலும் கீழும் துள்ளுகிறது, 67இல் பிடித்து வைக்க முடியவில்லை. இது மொடலின் குறையா? வொரியருக்குப் போனாலும் இப்படித்தானா?

கார்ப்ஹீட்:

மொடலில் குறையில்லை. மேசை ஜொய்ஸ்டிக் சில சென்ரிமீற்றர் மட்டும் அசையும், நிஜ விமானத்தின் யோக் (கைப்பிடிச் சக்கரம்) அதைவிட மிக நீளமாக வரும். சென்சிட்டிவிட்டியில் எலிவேற்றர் (மூக்கை ஏற்றி இறக்குவது) அச்சுக்கு மைனஸ் 30 அல்லது 40 வீதம், டெட் சோன் (நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) 2 அல்லது 3. ரடர் திருகலுக்கும் அதையே வையுங்கள். பிறகு டிரிம் (கையின் அழுத்தம் இல்லாமல் மூக்கை அதே நிலையில் வைத்திருப்பது) மேலே, டிரிம் கீழே இரண்டையும் ஜொய்ஸ்டிக் தலையில் உள்ள ஹட் பட்டனில் போடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் மூக்கின் நிலையை வைத்து, பவரை வைத்து, வேகம் 67இல் அடங்கிய பிறகே டிரிம். வேகத்தை டிரிம்மால் துரத்தினால் துள்ளல் நிற்கவே நிற்காது. கார்ப் ஹீட்டுக்கும் ஒரு பட்டன் ஒதுக்குங்கள். மவுஸால் இழுக்கும் பழக்கம் வந்தால் இறங்கும் நேரத்தில் செய்ய மாட்டீர்கள்.

வொரியர் இதைவிட அமைதியானது. ஆனால் அதில் வேறு ஒரு பொறி உண்டு. ரன்வே_22 இரண்டும் ஏறத்தாழ ஒரே பாடம் என்கிறார், இந்த ஒன்று 152இல் கிடையாது. 152இல் எரிபொருள் வால்வு திறப்பு, மூடல் மட்டும். வொரியரில் இடது, வலது, மூடல். இரண்டும் சேர்ந்த நிலை இல்லை. பாவிக்கக்கூடிய 48 கலனில் பக்கத்துக்கு 24. மணித்தியாலத்துக்கு 9 கலன் என்றால் ஒரே தாங்கியில் விட்டால் இரண்டரை மணித்தியாலம் தாண்டியதும், மறுபக்கம் நிறைந்திருக்க, என்ஜின் நிற்கும். அதற்கு வெகு முன்பே ஒரு சிறகு பாரமாகித் தொங்கத் தொடங்கும். இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேர்கோட்டில் 180 நோட்டிகல் மைலுக்குச் சற்றுக் குறைவு, வொரியருக்கு ஒன்றேமுக்கால் மணித்தியால வேலை. பறக்கும்போது 30 நிமிடத்துக்கு ஒருமுறை தாங்கியை மாற்றுங்கள். மாற்றும் முன் மின் பம்பைப் போட்டு, மாற்றிய பிறகு எரிபொருள் அழுத்தம் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு பம்பை அணைக்க வேண்டும். புறப்படுவதற்குச் சற்று முன் மாற்ற வேண்டாம்: புதுத் தாங்கியில் தண்ணீரோ அடைப்போ இருந்தால் அது தெரியவருவது ஓடுபாதையை விட்டு எழும்பிய பிறகுதான்.